ஒளிர்கிறதா என்பது கடைசிக் கேள்வி

பேனெல்லஸ் ஸ்டிப்டிகஸ் என்று பெயரை மட்டும் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இருட்டில் பச்சையாக ஒளிரும் காளான் என்று சேர்த்துச் சொன்னால் போதும், பேச்சு அதைச் சுற்றியே ஓடும். அடுத்து வருகிற யோசனையும் எனக்குப் பழகிப்போனதுதான்: "இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் இதுதானா இல்லையா என்று தெரிந்துவிடுமே!" தெரியாது. ஒளிர்வதாலேயே அது இந்தக் காளான் ஆகிவிடாது; ஒளிரவில்லை என்பதாலேயே இது இல்லை என்றும் ஆகிவிடாது. இந்தச் சிறு காளானின் மீது எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணமே இந்தக் குழப்பம்தான். கண்ணைக் கவரும் குணம் ஒன்று. ஆளை அடையாளம் காட்டும் குணம் இன்னொன்று. உறவுமுறையைச் சொல்லும் குணம் வேறொன்று. பெரும்பாலான உயிர்களில் இந்த மூன்றும் ஓரளவு கலந்தே இருக்கும். இதில் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன.

முதலில் ஆளைப் பார்த்துவிடலாம். அகன்ற இலை மரங்களின் வெட்டிய அடிக்கட்டையிலும் விழுந்து கிடக்கும் கிளைகளிலும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக முளைக்கும். விசிறி வடிவமோ சிறுநீரக வடிவமோ கொண்ட குடை. அகலம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர்வரை. நிறம் வெளிறிய களிமண் பழுப்பு. ஈரத்தில் அடர்ந்தும் காய்ந்தால் வெளுத்தும் போகும் என்பதால் நிறத்தை நான் ஒரு தகவலாக மட்டும் குறித்துக்கொள்வேன், சாட்சியாக ஏற்கமாட்டேன். விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருக்கும். சதை மெல்லியது, ஆனால் வளைத்தால் சட்டென்று ஒடியாது, தோல்போல் இழுபடும். வெயில் நாட்களில் சுருங்கி உலர்ந்து கிடந்துவிட்டு, மழை பெய்ததும் நீரை உறிஞ்சி மறுபடி விரிந்துகொள்ளும். அதனால் ஒரே கொத்தை வாரக்கணக்கில் அதே இடத்தில் பார்க்க முடியும். ஓரிரு நாளில் குழைந்து கரைந்துபோகும் காளான்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பெரிய வசதி.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் இங்கிருந்துதான் வேலை சுவாரசியமாகும். குடையின் மேற்பரப்பில் நுண்ணிய சுணை படர்ந்திருக்கும். வயதான குடைகளில் அந்தப் பரப்பு நீர் வற்றிய குளத்துத் தரைபோலச் சின்னச் சின்னப் பாளங்களாக வெடித்திருக்கும். இந்த வெடிப்பு ஒரு நல்ல அடையாளம். அதைவிட நல்லது அடிப்பக்கத்தில் இருக்கிறது. திருப்பிப் பிடியுங்கள். செவுள்கள், அதாவது குடையின் அடியில் தகடு தகடாக நிற்கும் மடிப்புகள், குறுகலாக, நெருக்கமாக, இளஞ்சிவப்பு கலந்த பழுப்பில் இருக்கும். விளிம்பை நோக்கிப் போகும் வழியில் அவை இரண்டாகக் கிளைக்கும். பக்கத்துப் பக்கத்துச் செவுள்களை இணைத்துக் குறுக்கு நரம்புகள் ஓடும். காம்பின் பக்கம் வரும்போதோ எல்லாச் செவுள்களும் ஒரே கோட்டில் பட்டென்று நின்றுவிடும். சிப்பிக் காளானில் செவுள்கள் காம்பின்மீது வழிந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வெட்டு உடனே கண்ணில் படும். அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு குட்டைக் காம்பு: குடையின் நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் ஒட்டியது, கொஞ்சம் தட்டையானது, வெண்ணிறச் சுணை போர்த்தது. பலர் இந்தக் காம்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குடையை மட்டும் கிள்ளி எடுத்தால் காம்பு மரத்திலேயே தங்கிவிடும். பிறகு "காம்பு இல்லாத காளான்" என்று தவறான பட்டியலில் போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள். கத்திமுனையால் பட்டையோடு சேர்த்துப் பெயர்த்து எடுப்பதே சரி.

கைபேசிச் செயலிகள் இந்தக் காளானிடம் தோற்றுப்போவதும் இதனால்தான். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து அவை துணிச்சலாக ஒரு பெயரைச் சொல்லிவிடுகின்றன. பழுப்பு நிறச் சிறு விசிறி என்பது அடையாளம் ஆகாது; அது ஒரு வேடம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல பூஞ்சைகள் மரத்தின்மேல் இதே வேடத்தைப் போட்டிருக்கின்றன.

அந்த வேடதாரிகளில் முதலாமவர் கிரெபிடோடஸ். அளவும் உருவமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் சதை மென்மையானது, தொட்டாலே குழையும், காம்பு இல்லாதது போலவே இருக்கும், வித்துகள், அதாவது காளான் இனம்பெருக்க உதிர்க்கும் நுண்துகள்கள், பழுப்பு. இரண்டாமவர் ஸ்கிசோஃபில்லம் கம்யூன். உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் காளான்களில் அது ஒன்று. சாம்பல் வெள்ளையில் மேலே அடர்ந்த மயிர், கீழே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து காயும்போது விளிம்பு சுருளும் செவுள்கள். லென்ஸில் ஒருமுறை அந்தப் பிளவைப் பார்த்துவிட்டால் பிறகு குழம்பவே மாட்டீர்கள். மூன்றாவது ஹோஹன்பியூஹேலியா. குடைத் தோலுக்குக் கீழே வழவழப்பான கூழ்ப்படலம் ஒன்று இருக்கும். குறுக்காக வெட்டினால் தெரியும். மரத்துக்குள் வாழும் நுண்புழுக்களைப் பிடித்து உண்ணும் பூஞ்சை அது என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. நான்காவது, இதே பேரினத்தின் தங்கை முறையான பேனெல்லஸ் மைட்டிஸ்: வெளிறிய வெள்ளை, ஊசியிலை மரங்களை விரும்புவது. எனவே எந்த மரத்தில் இருந்தது என்ற குறிப்பு இல்லாமல் கொண்டுவரும் மாதிரி பாதி மாதிரிதான்.

சுவை பார்த்து அடையாளம் காணும் வழக்கம் பழைய கையேடுகளில் உண்டு. இந்தக் காளானின் ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் கசப்பும் வாயை இறுக்கும் துவர்ப்பும் ஏறும், பிறகு துப்பிவிட வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உண்ணத் தகாத ஒன்றை, அதுவும் பெயர் உறுதியாகாத நிலையில், வாய்க்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. செவுள்களும் வித்துகளும் சொல்லாத எதையும் நாக்கு புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை.

வித்துகளுக்கு வருவோம். எந்தச் செவுள் காளானையும் அடையாளம் காண்பதில் தவிர்க்கவே கூடாத வேலை வித்துப் படிவு எடுப்பதுதான். குடையைச் செவுள் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, காற்றோட்டம் படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விட்டுவிட்டால் வித்துகள் கீழே விழுந்து செவுள்களின் வரிவடிவத்திலேயே ஒரு படிவை உண்டாக்கும். காகிதத்தைவிடக் கண்ணாடிச் சில்லுதான் எனக்குப் பிடித்தது. கீழே கறுப்பையும் வெள்ளையையும் மாற்றி வைத்து நிறத்தைப் பார்க்கலாம், வித்துகளைச் சுரண்டி நுண்ணோக்கிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிறிய, தோல்போன்ற குடைகள் சீக்கிரம் உலர்ந்து வித்து உதிர்ப்பதை நிறுத்திவிடும். குடையின் மேற்பக்கத்தில் ஒரு துளி நீர் விட்டால் வேலை நடக்கும். பேனெல்லஸின் படிவு வெள்ளை. அவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். கிரெபிடோடஸும் பழுப்பு வித்துக் கூட்டம் முழுவதும் இந்த ஒரு நிறத்தாலேயே வெளியேறிவிட்டன.

இந்தப் பழுப்பு வித்துக் கூட்டத்தில்தான் கேலரினா மார்ஜினேட்டாவும் இருக்கிறது. அதற்குக் காம்பு நடுவில், அதில் வளையம், குடை தேன் பழுப்பு. பேனெல்லஸோடு யாரும் குழப்பிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் மரத்தில் முளைக்கும் சிறு பழுப்புக் காளானைப் பற்றிப் பேசிவிட்டு அதைச் சொல்லாமல் போவது பொறுப்பற்ற செயல். கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின்கள் அதில் இருக்கின்றன. சாப்பிட்டவருக்குப் பல மணி நேரம்வரை எதுவுமே தெரியாது என்பதுதான் அதன் கொடுமை. உபாதை தொடங்குவதற்குள் நஞ்சு தன் வேலையை ஆரம்பித்திருக்கும். உண்ணத்தக்க குஹ்னெரோமைசஸ் மியூட்டபிலிஸ் அதே போன்ற கட்டைகளில், அதே பழுப்பில், கொத்தாக வளர்கிறது. காம்பின் கீழ்ப்பகுதியில் செதில்கள் இருந்தால் குஹ்னெரோமைசஸ், வெள்ளி இழைகள் ஓடினால் கேலரினா என்று கையேடுகள் சொல்லும். மழையில் நனைந்து செதில் உதிர்ந்த காம்பு அந்த வாக்கியத்தைப் படித்திருப்பதில்லை.

கேலரினாவை இங்கே கொண்டுவந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட காலம் கேலரினா ஆட்டம்னாலிஸ், வெனெனாட்டா, யூனிகலர், ஒரிகோனென்சிஸ் என்று தனித்தனிச் சிற்றினங்கள் இருந்தன. குடை மழுமழுவென்று பசையோடு இருக்கிறதா, உலர்ந்து இருக்கிறதா என்பது அவற்றைப் பிரித்த முக்கிய வேறுபாடுகளில் ஒன்று. 2001இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு இவற்றுக்கிடையே பிரிக்கும்படியான வேறுபாடு எதுவும் இல்லை என்று கண்டு, எல்லாவற்றையும் மார்ஜினேட்டாவுக்குள் அடக்கியது. பல ஆண்டுகளாகக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, நேர்மையாகப் பிரித்தவர்கள் செய்த வேலை அது. அவர்கள் பார்த்த பசை உண்மையானதுதான். அது சிற்றின எல்லையைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டதுதான் நிற்கவில்லை.

பேனெல்லஸுக்குத் திரும்பி, நுண்ணோக்கிக்குப் போவோம். ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் வித்துகள் வழவழப்பான, சற்றே வளைந்த சிறு உருளைகளாகத் தெரியும்: நீளம் மூன்று முதல் ஆறு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), அகலம் இரண்டு முதல் மூன்று மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் இருநூறு வித்துகளை நீளவாக்கில் வரிசையாக நிறுத்தலாம். ஒன்றிரண்டை அளந்துவிட்டுக் கையேட்டோடு ஒப்பிடுவது வீண் வேலை. படிவில் இருந்து எடுத்த முதிர்ந்த வித்துகளில் இருபது முப்பதையாவது அளக்க வேண்டும், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தையும் குறிக்க வேண்டும். செவுளின் ஓரத்தில் மலட்டுச் செல்கள் ஒழுங்கற்ற உருளைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றையும் வரைந்துகொள்வது நல்லது. வரையும்போது கண் நிற்கும் இடங்களில் படம் பிடிக்கும்போது நிற்பதில்லை.

பிறகு அயோடின். அயோடின், பொட்டாசியம் அயோடைடு, குளோரல் ஹைட்ரேட் மூன்றும் கலந்த மெல்ட்சர் கரைசலைத்தான் பூஞ்சையியலாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். குளோரல் ஹைட்ரேட் எளிதில் கிடைக்காதவர்கள் லூகால் கரைசலை வைத்தும் பெரும்பாலும் சமாளிக்கிறார்கள். ஒரு துளி விட்டதும் வித்தின் சுவர் நீலம் கலந்த சாம்பலாக மாறினால் அதை அமிலாய்டு என்கிறோம். பேனெல்லஸ் ஸ்டிப்டிகஸின் வித்துகள் அப்படி மாறும். சிப்பிக் காளானின் வித்துகள் மாறாது. இந்த ஒரு துளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணுக்கு எந்த வகையிலும் தெரியாத இந்தக் குணம்தான் பின்னால் வகைப்பாட்டில் எல்லாரையும்விட அதிகம் பேசப்போகிறது.

இதுவரை சொன்னது இன்னார் என்று கண்டுபிடிக்கும் வேலை. இவர் யாருக்கு உறவு என்பது வேறு வேலை. அந்தக் கதை 1783இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் புலியார் இதை அகாரிகஸ் என்ற பேரினத்தில் வைத்து விவரித்ததில் தொடங்குகிறது. அன்றைக்குச் செவுள் உள்ள காளான் எதுவானாலும் அகாரிகஸ்தான். அதனால் அந்தப் பெயர் உறவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சுவீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் 1821இல் தொடங்கி வெளியிட்ட தொகுதிகளில் வித்தின் நிறத்தையும் உடலமைப்பையும் கொண்டு காளான்களைப் பிரிக்கும் முறையை நிலைநிறுத்தினார். 1838இல் அவர் இதைப் பேனஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். மரத்தில் வளர்வது, தோல்போன்ற சதை, காய்ந்து மறுபடி விரிவது, வெள்ளை வித்து: பேனஸ் கூட்டத்தாரின் எல்லாக் குணங்களும் இதற்கும் இருந்தன. நியாயமான முடிவு. 1879இல் ஃபின்லாந்தின் பெட்டர் கார்ஸ்டன் இதற்கென்று பேனெல்லஸ் என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். இன்று நாம் சொல்லும் பெயர் அதுதான்.

ஃப்ரீஸ் போட்ட அந்த நியாயமான உறவு என்ன ஆனது என்பதுதான் வேடிக்கை. பேனஸ் பேரினம் இன்று செவுள் காளான்களோடு இல்லை. அதன் உறவினர்கள் மரத்தில் கெட்டியான பலகைகளாக வளரும் துளைக் காளான்கள், அதாவது பாலிபோரேல்ஸ் வரிசை. பேனெல்லஸோ அகாரிகேல்ஸ் வரிசையில், மைசினேசியே குடும்பத்தில் இருக்கிறது. மைசினா காளான்களைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் நம்பமாட்டார்கள். நூலிழை போன்ற காம்பு, மணிவடிவக் குடை, மூச்சு விட்டால் ஆடும் மென்மை: அதுதான் மைசினா. தோல்போல் முறுக்கேறிய இந்தக் குட்டை விசிறி அவர்களுக்குச் சொந்தம் என்று உருவத்தைப் பார்த்து ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. அயோடின் துளி மட்டும் ஒரு குறிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரும்பாலான மைசினாக்களின் வித்துகளும் அயோடினில் நீலமாகும். பேனஸின் வித்துகள் ஆகாது. டிஎன்ஏ ஒப்பீடு வந்தபோது துளி சொன்னதே சரி என்று ஆனது.

அயோடினைக் கொண்டாடிவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். குளிர்காலத் தொடக்கத்தில் முளைக்கும், பச்சை மஞ்சள் கலந்த சற்றுப் பெரிய காளான் ஒன்று பேனெல்லஸ் செரோட்டினஸ் என்ற பெயரில் இதே பேரினத்தில் நெடுங்காலம் இருந்தது. வெள்ளைப் படிவு, சிறிய வளைந்த வித்துகள், அயோடினில் நீலம், பக்கவாட்டுக் காம்பு, மரம் என எல்லாம் பொருந்தின. டிஎன்ஏ அதை இந்தக் குடும்பத்திலிருந்தே வெளியேற்றிவிட்டது. இப்போது அது சார்கோமிக்ஸா செரோட்டினா. அந்தப் பேரினப் பெயரும் கார்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வைத்ததுதான். தேவைப்படும்வரை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆக, ஒரே சோதனை ஓரிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த இடத்தில் ஏமாற்றியிருக்கிறது. இதனால் அந்தச் சோதனை பயனற்றது ஆகிவிடவில்லை. அடையாளம் காண்பதற்கு அது இன்றும் என் முதல் தேர்வுகளில் ஒன்று. உறவு சொல்ல மட்டும் அதைத் தனியாக அனுப்பக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். வெப்பமண்டலப் பகுதிகளில் பட்டுப்போன மரக்கிளைகளில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குட்டி விசிறிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கி முளைக்கும். திருப்பிப் பார்த்தால் செவுள் என்பதே கிடையாது. அடிப்பக்கம் முழுவதும் சின்னஞ்சிறு துளைகள். செவுள் ஒரு பக்கம், துளை ஒரு பக்கம் என்பது காளான் வகைப்பாட்டின் மிகப் பழைய பிரிவுக்கோடு. அதன்படி இதை டிக்டியோபேனஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். 1975இல் அமெரிக்கப் பூஞ்சையியலாளர்கள் பர்ட்சாலும் மில்லரும் அந்தக் கோட்டைத் தாண்டி இதைப் பேனெல்லஸ் புசில்லஸ் ஆக்கினார்கள். நம் காளானின் செவுள்களுக்கிடையே ஓடும் குறுக்கு நரம்புகளை நினைத்துப் பாருங்கள். அந்த நரம்புகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்து செவுளின் மட்டத்துக்கு வந்தால் கிடைப்பது துளைகள்தான். லென்ஸ் வழியாக இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்; இரண்டு பேரினங்களுக்கு இடையே கட்டிய சுவர் எவ்வளவு உயரம் என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். புசில்லஸும் ஒளிரக்கூடியது.

ஒளிக்கு இப்போது வரலாம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் ஸ்டிப்டிகஸ் ஒளிர்கிறது, குறிப்பாகச் செவுள்களில். மரத்துக்குள் பரவும் அதன் இழைகளும் ஒளிர்கின்றன. ஐரோப்பாவில் வளர்வது ஒளிர்வதில்லை. உருவம், வித்து, அயோடின், செவுள் நிற்கும் கோடு எதிலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே சிற்றினமா என்ற கேள்வியை நேரடியாகச் சோதித்தவர் பூஞ்சையியலாளர் ரூத் மக்ரே. 1942இல் வெளியான அவருடைய கட்டுரையின் முறை இன்றைக்கும் வியக்க வைக்கிறது. ஒரு வித்திலிருந்து வளரும் இழை தனியாளாக இருக்கும். பொருத்தமான இன்னோர் இழையைச் சந்தித்தால் இணையும். இணைந்ததற்குச் சாட்சியாக, இழையின் ஒவ்வொரு தடுப்புச் சுவரின் பக்கத்திலும் ஒரு சிறு கொக்கி உருவாகும். ஒளிரும் அமெரிக்க இழையையும் ஒளிராத ஐரோப்பிய இழையையும் அவர் சேர்த்து வளர்த்தார். அவை இணைந்தன. இணைந்த இழை ஒளிர்ந்தது. அதன் வழிவந்த சந்ததிகளைப் பார்த்தபோது, ஒளிர்வது ஓங்கு பண்பு, அதை ஒரே ஒரு ஜோடி மரபுக் காரணி தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. மெண்டலின் பட்டாணியில் பூ நிறம் எந்த அளவுக்கு முக்கியமோ, இங்கே ஒளியும் அந்த அளவுக்குத்தான். வெள்ளைப் பூப் பட்டாணியை யாரும் வேறு சிற்றினம் என்பதில்லை.

அந்த ஒளியின் வேதியியல் அண்மையில்தான் துலங்கியது. ஒளி தரும் மூலக்கூறு 3-ஹைட்ராக்சிஹிஸ்பிடின் என்று 2015இல் கண்டறிந்தார்கள். அதை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்யும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணு 2018இல் கிடைத்தது. 520 முதல் 530 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சை ஒளி. உறுதிப்பட்ட ஒளிரும் பூஞ்சைகள் நூற்றுக்கும் மேல். எல்லாமே அகாரிகேல்ஸ் வரிசை. 2020இல் வெளியான மைசினா மரபணுத்தொகுதி ஆய்வின்படி இந்தத் திறன் ஒரே ஒருமுறைதான் தோன்றியிருக்கிறது, பிறகு பல கிளைகளில் தொலைந்துபோயிருக்கிறது. ஒரு குணம் இவ்வளவு எளிதாகத் தொலையக்கூடியது என்றால் அது இல்லாததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எதற்காக ஒளிர்கிறது என்பதிலும் ஒரே விடை இல்லை. பிரேசிலின் நியோனோதோபேனஸ் கார்ட்னெரியில் இரவில் கூடும் ஒளி பூச்சிகளை ஈர்ப்பதாக ஓர் ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியாவின் ஓம்ஃபலோடஸ் நிடிஃபார்மிஸில் அப்படி எந்த ஈர்ப்பும் இல்லை என்று இன்னோர் ஆய்வு காட்டியது.

இருந்தாலும் பார்க்க ஆசைப்படுவீர்கள். புதிய, ஈரமான குடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். துளி வெளிச்சமும் புகாத அறையில் இருபது முப்பது நிமிடம் உட்காருங்கள்; கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும், நடுவில் கைபேசியைப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. செவுள் பக்கத்தை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரக்கண்ணால் பாருங்கள். படங்களில் வரும் அந்தப் பச்சை உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மங்கலில் நம் கண் நிறத்தைப் பிரிப்பதில்லை. வெளிறிய ஒரு மினுக்கம்தான் தெரியும். பச்சையைச் சேகரிப்பது நீண்ட நேரம் திறந்து வைத்த கேமரா.

மக்ரேயின் சோதனையோடு விவகாரம் முடிந்துவிடவில்லை. 1992இல் பீட்டர்சன், பெர்முடஸ் என்ற ஆய்வாளர்கள் வெவ்வேறு கண்டங்களின் மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அவை இணைந்தன. ஆனால் 2001இல் நடந்த டிஎன்ஏ ஒப்பீட்டில் நிலப்பகுதி வாரியாகக் கிளைகள் பிரிந்தே தெரிந்தன. இணைந்து இனப்பெருக்கம் செய்யக்கூடியவை ஒரே சிற்றினம் என்பவர் ஒன்று என்பார். நெடுங்காலம் பிரிந்து தனிவழி போனவை வேறு சிற்றினங்கள் என்பவர் பல என்பார். பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக 2012இல் ஏற்கப்பட்ட ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி வேறுபாடு எவ்வளவு என்று சொல்லும்; எவ்வளவு வேறுபட்டால் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லாது. கடல் தாண்டி நடக்காத ஓர் இணைப்பு, ஆய்வுக்கூடத் தட்டில் நடக்கிறது என்பதற்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை. ஆனாலும் இன்றைக்கு என் குறிப்பேட்டில் ஒரே பெயர்தான் எழுதுவேன், பக்கத்தில் நிலப்பகுதியைக் கட்டாயம் சேர்ப்பேன். பிரிக்க வேண்டிவந்தால் அந்தப் பக்கக் குறிப்பே பெயராகிவிடும்.

அதற்கு மாதிரி ஒழுங்காக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் பேனெல்லஸ் தயவு காட்டுகிறது: மெல்லிய தோல்சதை என்பதால் மிதமான சூட்டில் விரைவாக உலரும், பல ஆண்டுகள் கழித்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் நீர்த்த கரைசலில் நனைத்தாலும் செல்கள் விரிந்து கொடுக்கும். முற்றிலும் உலர்ந்த பிறகே காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டால் வேறொரு பூஞ்சையைத்தான் வளர்ப்பீர்கள். வித்துப் படிவு எடுத்த சில்லையும் தனியாக மடித்து அதே உறையில் வையுங்கள். உறைமேல் தேதி, இடம், பட்டை இருந்ததா உரிந்ததா, கட்டை எவ்வளவு மக்கியிருந்தது, செவுளின் நிறம், படிவின் நிறம், அயோடின் முடிவு எல்லாம் வேண்டும். இருட்டில் பார்த்திருந்தால் எவ்வளவு நேரம், ஈரமாகவா உலர்ந்ததாகவா என்பதையும் எழுதுங்கள். வெறுமனே "ஒளிரவில்லை" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. மரத்தின் பெயர் தெரியாவிட்டால் கட்டையின் ஒரு துண்டையும் பட்டையையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், மரம் தெரிந்தவர் பிறகு பார்த்துச் சொல்வார்.